முடி வளர்ப்பதாகச் சொல்லி உயிரோடு விளையாடுவதா?

2016 மே மாதம் சென்னையில் தலையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர், இரண்டே நாளில் வேலூர் மருத்துவமனையில் உயிரிழந்தார். சிகிச்சை நடந்த இடத்துக்கு அழகு நிலைய உரிமம் மட்டுமே இருந்தது என்பது அதன்பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மருத்துவம் படித்தவரையே காவு வாங்கிய வணிகம் இது. புதுச்சேரியில் பெண் பார்க்கப் போகும் முன் கண்ணாடி பார்த்துக் கலங்கும் இளைஞன் இதற்கு எம்மாத்திரம்?

ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி வழுக்கையாவதும் பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைட் ஆகிய மருந்துகள் பலருக்கு உதிர்வைத் தடுக்கின்றன. சிலருக்கு ஓரளவு முடியையும் மீட்டுத் தருகின்றன. நிறுத்தினால் பலனும் போய்விடும். கருத்தரிக்கக்கூடிய பெண்கள் ஃபினாஸ்டரைட் சாப்பிடக் கூடாது. வயிற்றிலுள்ள ஆண் குழந்தைக்கு அது கேடு. வட்ட வட்டமாகக் கொட்டும் புழுவெட்டு வேறு வகை; அது உடலின் எதிர்ப்பாற்றலே முடிவேரைத் தாக்குவதால் வருவது.

பெண்கள் பலரின் கதை வேறு. பிரசவமோ, டெங்கு, டைஃபாய்டு போன்ற கடும் காய்ச்சலோ வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். உடல் தேறியதும், சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும். கூந்தல் எண்ணெய் வியாபாரிக்கு வாய்ப்பு இங்கேதான். தானாக முளைத்த முடிக்குத் தன் புட்டியைக் காரணம் காட்டி, அந்தப் பெண்ணின் படத்தையே விளம்பரமாக்குகிறான். உண்மையான காரணம் இரத்தசோகையாகவோ தைராய்டு கோளாறாகவோ இருந்தால், அது கவனிக்கப்படாமலே போகிறது. இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய பணத்தை எண்ணெய்க்குக் கறப்பது ஏமாற்று மட்டுமல்ல, பாவம்.

சட்டம் இல்லாமல் இல்லை. வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளே பட்டியல் போட்டுத் தடுக்கின்றன. முடி நடுவதை முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் தகுதியில்லாமல் கத்தி எடுப்பவரைக் குற்றவாளி என்றே சொல்வோம். இத்தகையோரின் விளம்பரத்தைக் காசு வாங்கி அச்சிடும் பத்திரிகைகளுக்கும் குற்றத்தில் பங்குண்டு. வழுக்கையைக் காட்டிச் சிரிக்கவைத்த திரைப்படங்களும், மாப்பிள்ளையின் தலையைப் பார்த்து வரன் தள்ளும் குடும்பங்களும்தான் இந்தக் கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கின்றன.

1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை, புதுச்சேரி கோரிமேட்டில் நிற்கிறது. அங்கே தோல் மருத்துவத் துறை இருக்கிறது. முடி கொட்டினால் முதலில் போக வேண்டியது அப்படிப்பட்ட இடத்துக்கு. புதுச்சேரி சுகாதாரத் துறை, நகரில் முடி நடும் ஒவ்வொரு இடத்தையும் சோதிக்க வேண்டும். கத்தி பிடிப்பவரின் பெயரையும் தகுதியையும் வாசலில் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். மறுக்கும் இடத்தைப் பூட்ட வேண்டும்.