பிழை யாருடையது? இணையப் படிவங்களும் சேவையகத்தின் கடமையும்

இணையவழிப் படிவமொன்றை நிரப்புபவர் தவறிழைப்பின் அதன் விளைவை அவரே அனுபவித்தல் வேண்டும் என்னும் கருத்து, கணினிச் செய்நிரல் எழுதுவோர் பலரிடத்தே வேரூன்றியுள்ளது. வெளிப்படையாக இவ்வாறு கூறுவோர் சிலரே. ஆயின் அவர்கள் ஆக்கும் படிவங்கள் இதனையே கூறுகின்றன. முப்பது கூறுகளை நிரப்பி அனுப்பியவருக்கு, ‘உள்ளீடு தவறானது’ என்ற ஒற்றை வரியும் வெறுமையாக்கப்பட்ட படிவமுமே திரும்பி வருகின்றன. அலுவலகக் கருமபீடத்தில் எழுதுவினைஞர் ஒருவர், திகதி பிழை என்பதற்காக விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்து மீண்டும் எழுதி வருமாறு பணித்தால் அதனை எவரும் பொறுத்துக்கொள்ளார். கணினி அதனைச் செய்யும்போது மட்டும் அது தொழினுட்பத்தின் இயல்பெனக் கொள்ளப்படுகிறது. இக்கொள்கை மறுக்கப்பட வேண்டியதாகும்.

பிழைகளை மேலோடியிலேயே தடுத்துவிட்டால் படிவத்தைத் திருப்பியனுப்பும் தேவையே எழாது என்பது இவர்களது முதல் வாதம். 1995இல் நெற்ஸ்கேப் மேலோடியுடன் ஜாவாஸ்கிரிப்ற் அறிமுகமானதன் பின், நிரப்பும்போதே பிழை சுட்டும் வசதி பெருகியமை உண்மையே. ஆயினும் மேலோடி இயங்குவது பயனரின் கருவியிலாகும். அங்கு நிகழும் சோதனையை அவர் நிறுத்திவிடலாம். படிவத்தைத் திறவாமலே வேறொரு செய்நிரல் வாயிலாகத் தரவைச் சேவையகத்துக்கு நேரே அனுப்பவும் இயலும். ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்னும் வினாவுக்கோ சேவையகத்தின் தரவுத்தளமே விடை பகரவல்லது. எனவே மேலோடியின் சோதனை வசதி மாத்திரமே. காப்பாக அமைவது சேவையகத்தின் சோதனையே.

சோதிக்கும் பொறுப்பு சேவையகத்தினுடையதாயின், திருப்பியனுப்பும் முறைக்கும் அதுவே பொறுப்பாதல் வேண்டும். பிழைகளை ஒவ்வொன்றாக அன்றி ஒருங்கே அறிவித்தல், அவ்வவ் இடத்தின் அருகே அவற்றைக் குறித்தல், கடவுச்சொல் போன்றவை நீங்கலாக ஏனைய உள்ளீடுகளை அழியாது மீளக் காட்டுதல் என்பன அதன் குறைந்தபட்சக் கடமைகளாம். 2008இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, பிழையுற்ற இடத்தை எழுத்து வடிவில் விளக்குவதனை அடிப்படை நிலைத் தேவையாகவே விதித்தது. சிவப்பு நிறத்தை மட்டும் பூசிவிட்டு அமைதல் பார்வைக் குறையுடையோரைப் புறக்கணிப்பதாகும்.

மீளக் காட்டுதல் ஆபத்தானது எனச் சிலர் அஞ்சுவர். உள்ளீட்டில் தீங்கான நிரற்றொடர் மறைந்திருக்கலாம் என்பது மெய்யே. ஆயின் எச்.ரி.எம்.எல். மொழியில் சிறப்புப் பொருள் கொள்ளும் குறிகளை உரிய மாற்றுருவாக்கிக் காட்டினால் அத்தொடர் இயங்காது, வெறும் எழுத்தாகவே தோன்றும். அபாயத்துக்குப் பரிகாரம் இருக்க, அபாயத்தைக் காரணங்காட்டிப் பயனரின் உழைப்பை அழித்தல் நியாயமாகாது.

இவை யாவற்றிலும் முதன்மையான வினா ஒன்றுண்டு. மறுக்கப்பட்ட உள்ளீடு மெய்யாகவே பிழையானதா? ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இடம்பெறலாம்’ என்னும் விதியை நோக்குக. யுனிகோட் முறையில் தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ‘எழுத்து’ வகையிற் சேர்வதில்லை, இணைகுறிகளாகவே வகுக்கப்பட்டுள்ளன. எனவே அவ்விதியை அவ்வகைப்பாட்டின்படியே எழுதியவரின் படிவம் ‘கண்ணன்’ என்ற பெயரையும் பிழையெனத் தள்ளிவிடும். ‘குமார்’ என்பது வாசிப்போருக்கு மூன்றெழுத்து, யுனிகோட்டில் ஆறு குறியீடுகள், யு.ரி.எவ்.-8 முறையில் 18 பைற்றுகள். பைற்றுகளை எண்ணிப் பெயரின் நீளத்தை வரையறுப்பவர் தமிழருக்கு மூன்றிலொரு பங்கு இடத்தையும் வழங்குவதில்லை. குடும்பப் பெயர் வழக்கில்லாது தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்வோரிடம் ‘கடைசிப் பெயர்’ கட்டாயமெனக் கேட்பதும் இத்தகையதே. இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண் முன்னர் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது. 2016 முதல் 12 இலக்கங்களாக வழங்கப்படுகிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கும் படிவம், செல்லுபடியான அட்டையை உடையவரைப் பொய்யராக்குகின்றது. இவ்விடங்களிலெல்லாம் பிழை விண்ணப்பதாரருடையதன்று, விதியை வகுத்தவருடையதாகும்.

இத்துணைக் கவனத்துக்கு நேரமில்லை என்பது இறுதியாகக் கூறப்படும் சமாதானம். செய்நிரலாளர் ஒருமுறை மிச்சப்படுத்தும் நேரத்தைப் படிவத்தை நிரப்பும் ஒவ்வொருவரும் தத்தம் நேரத்தால் ஈடுசெய்கின்றனர். முடிவுத் திகதியன்று இரவல் கைத்தொலைபேசியில் விண்ணப்பிக்கும் மாணவனுக்கு அவ்வெறுமைப் படிவம் ஓராண்டு இழப்பாகவும் முடியலாம். உள்ளீட்டை ஐயுறுவது சேவையகத்தின் உரிமை. அதனை அனுப்பிய மனிதரை அவமதிப்பது அவ்வுரிமையுள் அடங்காது. மறுக்கும் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டவர், காரணத்தைக் கூறி, கொடுத்ததைக் குறையாது திருப்பித்தரும் கடமையையும் ஏற்றேயாக வேண்டும்.