நீளமான டாகுமெண்ட்டில் வழி தவறலாமா?

வேர்ட் புரோகிராமில் இரண்டு பக்கக் கடிதம் தயாரிப்பவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. டாகுமெண்ட் நாற்பது பக்கத்தைத் தொடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நான்காம் பக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்துவோம். அதே எண் பின்னால் எங்கோ வருகிறதே என்று மவுஸ் சக்கரத்தை உருட்டிக் கொண்டே போவோம். அங்கே திருத்திவிட்டுத் திரும்பினால், முதலில் எந்த இடத்தில் இருந்தோம் என்பது மறந்து போயிருக்கும். மீண்டும் உருட்டல். இதைக் கைவலி தரும் சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அது அண்ணன் தம்பி உறவையே உரசிப் பார்த்துவிட்டது.

பன்னிரண்டா, பதினைந்தா?

சேலம் மாவட்டம் கெங்கவல்லி எங்கள் ஊர். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவருக்கும் பாகப்பிரிவினை நடந்தது. நிலம் அதிகம் இல்லை. ஆனால் பொதுக் கிணறு, ஒரே மின் இணைப்பு, வண்டிப் பாதை என்று துண்டு போட முடியாதவை பல. பத்திரம் 38 பக்கம் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு தபசில். ஒவ்வொரு தபசிலிலும் புல எண், செக்குபந்தி, கிணற்றுப் பங்கு, பாதை உரிமை எல்லாம் திரும்பத் திரும்ப வரும்.

சித்தப்பா பங்குக்குப் போகும் பாதை பெரியப்பா பங்கு வழியாகப் போகிறது. முதலில் 12 அடி என்று எழுதியதை, டிராக்டர் திரும்ப வேண்டும் என்று கடைசி நேரத்தில் 15 அடி ஆக்கினார்கள். டைப் செய்தவர் சக்கரத்தை உருட்டி உருட்டி நான்கு இடங்களில் மாற்றினார். "அவ்வளவுதான் தம்பி, எல்லாம் மாத்தியாச்சு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். அவர் தேடும் முறை சரியில்லை என்று தெரிந்தும், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்திரம் பதிவாகிச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது, பெரியப்பாவின் தபசிலில், 31 ஆம் பக்கத்தில் பழைய அளவே இருக்கிறது என்று. சித்தப்பா அதற்குள் சிங்கப்பூர் திரும்பியிருந்தார். பிழை திருத்தல் பத்திரம் போட மூவரும் கையெழுத்திட வேண்டும். செலவைக் கூடப் பெரியப்பா பொருட்படுத்தவில்லை. "அண்ணா, தெரிஞ்சேதான் விட்டீங்களா?" என்று சித்தப்பா போனில் கேட்டதுதான் அவரை இரண்டு நாள் சாப்பிட விடாமல் செய்தது.

தேடினாலும் கிடைக்காது

"பைண்ட் கொடுத்துத் தேடியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பைலை வாங்கி வந்து கண்ட்ரோல் + எப் அழுத்தி "12 அடி" என்று தேடினேன். கிடைக்கவில்லை. காரணம், அந்த இடத்தில் "பன்னிரண்டு அடி" என்று எழுத்தால் எழுதியிருந்தது. நாம் என்ன கேட்கிறோமோ அதை மட்டும் பைண்ட் தேடித் தரும். "பாதை பற்றி எங்கெல்லாம் பேசியிருக்கிறோம்" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, டாகுமெண்ட்டின் அமைப்பு வேர்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம்தான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கி, போல்ட் செய்து, அடிக்கோடு போட்டு முடித்துவிடுகிறோம். பார்க்கும் நமக்கு அது தலைப்பு. வேர்டுக்கோ அது கொஞ்சம் பருமனான எழுத்து, அவ்வளவுதான். என் கருத்தில், நீளமான டாகுமெண்ட்டில் நாம் வழி தவறுவதற்கு முதல் காரணம் இதுதான்.

திருக்குறளை எடுத்துக் கொள்ளுங்கள். யாரும் அதைப் பக்க எண் சொல்லித் தேடுவதில்லை. 3 பால், 133 அதிகாரம், அதிகாரத்திற்கு 10 குறள். 396 ஆம் குறள் என்றால் 40 ஆம் அதிகாரமான கல்வியில் ஆறாவது குறள் என்று எந்தப் பதிப்பிலும் உடனே போய்விடலாம். பக்கம் மாறும், அமைப்பு மாறாது. கம்ப்யூட்டருக்கும் இது புதிய கருத்து இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை முதன்முதலாகப் பொதுமேடையில் காட்டினார். அதே மேடையில், டாகுமெண்ட்டைத் தலைப்பு வாரியாகச் சுருக்கி, வேண்டிய இடத்திற்குத் தாவுவதையும் காட்டினார். மவுஸை எல்லோரும் எடுத்துக் கொண்டோம். தாவுவதைப் பலர் விட்டுவிட்டோம்.

தலைப்பைத் தலைப்பாகச் சொல்லுங்கள்

செய்ய வேண்டியது மிக எளிது. தலைப்பு வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஆல்ட் + 1 அழுத்தவும். அது ஹெடிங் 1 ஆகிவிடும். துணைத் தலைப்புக்கு 2, அதற்கும் கீழே 3. வேர்ட் தரும் நீல நிறமும் எழுத்து வகையும் பிடிக்காவிட்டால், ஹோம் டேப்பில் அந்த ஸ்டைல் மீது ரைட் கிளிக் செய்து மாடிபை மூலம் ஒருமுறை மாற்றிவிட்டால் எல்லாத் தலைப்புகளும் மாறிவிடும். கூகுள் டாக்ஸிலும் இதே கீகள்தான். லிப்ரே ஆபீஸில் ஆல்ட் தேவையில்லை. கண்ட்ரோல் + 1 போதும்.

இனி வியூ டேப் சென்று நேவிகேஷன் பேன் என்பதில் டிக் செய்திடவும். இடது பக்கம் எல்லாத் தலைப்புகளும் வரிசையாகக் கிடைக்கும். எதைக் கிளிக் செய்தாலும் அந்த இடத்தில் நிற்பீர்கள். வேர்ட் 97 காலத்தில் டாகுமெண்ட் மேப் என்ற பெயரில் வந்த வசதிதான் வேர்ட் 2010ல் இந்தப் பெயர் பெற்றது. லிப்ரே ஆபீஸில் எப்5 அழுத்தினால் நேவிகேட்டர் வரும்.

எங்கள் பத்திரத்தில் ஒவ்வொரு தபசிலையும் ஹெடிங் 1 ஆகவும், "பாதை உரிமை", "கிணற்றுப் பங்கு" போன்றவற்றை ஹெடிங் 2 ஆகவும் மாற்ற எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு மூன்று "பாதை உரிமை"களையும் பார்க்க மூன்று கிளிக். பன்னிரண்டு எழுத்தில் இருந்தால் என்ன, எண்ணில் இருந்தால் என்ன, கண்ணில் பட்டுவிடும்.

தமிழுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. பழைய பாண்ட்களில் அடித்த டாகுமெண்ட் என்றால், நேவிகேஷன் பேனில் தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்தப் பகுதி உங்கள் பாண்ட்டைப் பயன்படுத்துவதில்லை. எங்கள் பைலும் அப்படித்தான் இருந்தது. கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்த பிறகுதான் தலைப்புகள் தமிழில் தெரிந்தன. தமிழக அரசே 2010ல் யூனிகோடை ஏற்றுக் கொண்டுவிட்டது. புதிதாகத் தொடங்கும் எதையும் பழைய பாண்ட்டில் தொடங்காதீர்கள்.

போனால் திரும்பி வர வேண்டாமா?

தாவிச் செல்வது பாதி வேலை. விட்ட இடத்திற்குத் திரும்புவது மீதிப் பாதி. அதற்கு ஷிப்ட் + எப்5 அழுத்தவும். கடைசியாக நீங்கள் திருத்திய மூன்று இடங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்துச் சென்று, மீண்டும் இப்போதிருந்த இடத்தில் விடும். சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: நீங்கள் திருத்திய இடம்தான் அதற்குத் தெரியும், வெறுமனே படித்த இடம் தெரியாது. படித்த இடத்தை நினைவில் வைக்க, இன்சர்ட் டேப்பில் புக்மார்க் தேர்ந்தெடுத்து ஒரு பெயர் கொடுங்கள். பெயரில் ஸ்பேஸ் கூடாது. எண்ணில் தொடங்கக் கூடாது. பிறகு கண்ட்ரோல் + ஜி அழுத்தி அந்த புக்மார்க்கிற்குச் செல்லலாம். அதே இடத்தில் பக்க எண்ணைக் கொடுத்தும் தாவலாம். +5 எனக் கொடுத்தால் ஐந்து பக்கம் முன்னே செல்லும்.

இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டுமா? போகவும் வரவும் தேவையே இல்லை. வியூ டேப்பில் ஸ்பிளிட் கிளிக் செய்தால் திரை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். மேலே 4 ஆம் பக்கம், கீழே 31 ஆம் பக்கம். பைல் ஒன்றுதான், எந்தப் பாதியிலும் திருத்தலாம். நடுக்கோட்டில் டபுள் கிளிக் செய்தால் பழையபடி ஒன்றாகிவிடும். தபசில்களை இப்படி ஒப்பிட்டபோதுதான் செக்குபந்தி ஒன்றில் வடக்கும் கிழக்கும் மாறியிருந்தது எனக்குத் தெரிந்தது. அதுவும் பதிவான பத்திரத்தில்!

ஒரே விஷயம் ஐந்து இடங்களில் வருமானால், அதை ஐந்து முறை டைப் செய்வதே தவறு. ஒருமுறை டைப் செய்து, புக்மார்க் வைத்து, மற்ற நான்கு இடங்களிலும் கிராஸ் ரெபரன்ஸ் மூலம் புக்மார்க் டெக்ஸ்ட்டை இணைத்துவிடுங்கள். மூலத்தைத் திருத்தி, கண்ட்ரோல் + ஏ, பிறகு எப்9 அழுத்தினால் நான்கும் மாறும். திருத்தும்போது மட்டும் புக்மார்க் உள்ள சொல்லை முழுவதுமாக அழிக்காமல், அதன் நடுவில் டைப் செய்து சரிசெய்யுங்கள். முழுதும் அழித்தால் புக்மார்க்கும் போய்விடும். எப்9 அழுத்தியதும் எரர் என்று காட்டும்.

யார் மீது குறை?

மைக்ரோசாப்ட் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஷிப்ட் + எப்5 போன்ற அருமையான வசதிக்கு ரிப்பனில் ஒரு பட்டன் கூடக் கொடுக்கவில்லை. ஸ்குரோல் பாரின் அடியில் இருந்த சின்ன வட்டத்தைக் கிளிக் செய்து தலைப்பு, படம், டேபிள் வாரியாகத் தாவும் வசதியை வேர்ட் 2013ல் எடுத்தே விட்டார்கள். ஆனால் நம் மீதும் குறை இருக்கிறது. வேர்ட் ஆர்ட்டையும் பார்டரையும் ஆர்வமாகக் கற்கும் நாம், ஸ்டைல்களை வெறும் அலங்காரம் என்று தாண்டிச் சென்றுவிடுகிறோம். கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குக் கையால் பொருளடக்கம் அடித்து, பக்க எண் மாறும்போதெல்லாம் திருத்திய கூட்டத்தில் நானும் ஒருவன்.

தீபாவளிக்கு சித்தப்பா விடுப்பில் வந்தார். பிழை திருத்தல் பத்திரத்திற்கு முன், தலைப்புகள் போட்ட பைலை லேப்டாப்பில் மூவருக்கும் காட்டினேன். பதிவான பத்திரத்தில் 15 அடி என்று திருத்தப்பட்ட நான்கு இடங்களையும், விடுபட்ட அந்த ஒன்றையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து காட்டியபோது, சித்தப்பா பெரியப்பாவின் கையைப் பிடித்துக் கொண்டார். வேறு எதுவும் பேசவில்லை. டைப் செய்யும் அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்களிடம் இருக்கும் நீளமான டாகுமெண்ட் ஒன்றை இன்றே திறந்து, தலைப்புகளை மட்டும் ஹெடிங் ஆக்கிப் பாருங்கள். அடுத்து யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தை உருட்டுவதைக் கண்டால், தயங்காமல் சொல்லிக் கொடுங்கள்.