பிராட்மேனை விட அதிக சராசரி யாருக்கு? ஃபண்டு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



இந்த வாரம் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாடி கொஞ்சம் கிரிக்கெட் பேசப் போறோம். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. காரணம் இருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஒரு சாரைப் பார்த்தேன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்ம வீடியோக்களைத் தவறாமல் பார்ப்பவர். போனை என் முன்னாடி நீட்டினார்.

"தம்பி, இந்த ஃபண்டைப் பாருங்க. ஒரு வருஷத்துல 60 பர்சென்ட்டுக்கு மேல குடுத்திருக்கான். ரிட்டயர்மென்ட் பணம் 20 லட்சம் பேங்க்ல சும்மா கிடக்கு. மொத்தமா இதுலயே போட்டுடலாம்னு இருக்கேன்."

எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. நேரடியா 'வேண்டாம் சார்'னு சொன்னால் அவர் கேட்க மாட்டார்னு தெரியும். ஆனா அவருக்கு ரேடியோ கமென்டரி காலத்திலிருந்தே கிரிக்கெட் பைத்தியம் உண்டு. அதனால் ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், டெஸ்ட்ல பிராட்மேனை விட அதிக பேட்டிங் சராசரி யாருக்கு?"

"யாருக்கும் கிடையாது. 99.94. சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்."

இருக்கு சார். அந்தக் கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போறேன்.

ஒரே ஒரு இன்னிங்ஸ், சராசரி 112

வெஸ்ட் இண்டீஸில் ஆண்டி கான்டியூம் என்று ஒருவர் இருந்தார். 1948-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். 112 ரன் எடுத்து அவுட் ஆனார். அதற்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே வரவில்லை. சராசரி 112. பிராட்மேனை விட 12 ரன் அதிகம்!

அப்போ அவர் பிராட்மேனை விடப் பெரிய ஆட்டக்காரரா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். பிராட்மேன் 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ் ஆடி 6,996 ரன் எடுத்தவர். அதனால்தான் சராசரிப் பட்டியல் போடுபவர்கள் பொதுவாக 'குறைந்தது 20 இன்னிங்ஸ்' என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவின் கர்ட்டிஸ் பேட்டர்சன் 2019-ல் இலங்கைக்கு எதிராக இரண்டு டெஸ்ட் ஆடினார். முதல் டெஸ்டில் 30. அடுத்ததில் 114 நாட் அவுட். சராசரியை இன்னிங்ஸால் வகுப்பதில்லை, எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்கிறோம். அவர் அவுட் ஆனது ஒரே ஒரு தடவை. 144-ஐ ஒன்றால் வகுத்தால் சராசரி 144. அவர் வாழ்க்கையில் எடுத்த அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோரே 114 தான்! எடுக்காத ரன்னைச் சராசரி காட்டுது.

மூணு மாசத்தில் 10% ஏறினதை வைத்து "வருஷத்துக்கு 40% சார்" என்று சொல்பவரைப் பார்த்திருப்பீங்க. அந்த 40% எங்கேயும் நடக்கவே இல்லை. அதுவும் பேட்டர்சன் சராசரிதான்.

சேப்பாக்கத்தில் ஒரு 303

நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். 2016 டிசம்பர், சேப்பாக்கம், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். கருண் நாயர் 303 நாட் அவுட். சேவாக்குக்குப் பிறகு முச்சதம் அடித்த இரண்டாவது இந்தியர். அதை யாரும் குறைச்சு சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய இரண்டு இன்னிங்ஸில் அவர் எடுத்தது 4, 13. அதற்குப் பிறகு 2017-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 26, 0, 23, 5. ஆக மொத்தம் 7 இன்னிங்ஸ், 374 ரன், சராசரி 62.33. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் டெண்டுல்கரை (53.78) விட மேலே!

அந்த 303-ஐ மட்டும் எடுத்துட்டுப் பாருங்க. மீதி ஆறு இன்னிங்ஸில் 71 ரன். சராசரி 11.83.

இப்போ டிராவிட்டை எடுத்துக்குங்க. 164 டெஸ்ட், 13,288 ரன், சராசரி 52.31. அவருடைய அதிகபட்ச ஸ்கோர் 270. அந்த இன்னிங்ஸையே அழிச்சிட்டாலும் சராசரி 51.45. ஒரு ரன் கூட முழுசா குறையலை.

இதுதான் நான் எந்த ஃபண்டுக்கும் முதலில் வைக்கும் பரிசோதனை. அதோட மிக நல்ல வருஷத்தை நீக்கிட்டுப் பாருங்க. மிச்சம் என்ன நிக்குது? டிராவிட் மாதிரி நிக்குதா, இல்லை 62 பதினொன்னா சுருங்குதா?

கருண் நாயர் 2025-ல் இங்கிலாந்து தொடரில் மறுபடி வந்தார். எட்டு இன்னிங்ஸில் 205 ரன். மொத்தச் சராசரி 41-க்கு இறங்கியது. பழைய 62 பொய்யில்லை. ஆனா அதை நம்பி எதிர்காலத்தைக் கணக்குப் போட அது போதாது.

யாருக்கு எதிரா அடிச்சார்?

ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ் 20 டெஸ்ட் ஆடினார். 1,485 ரன், சராசரி 61.87. இன்னிங்ஸ் 31. வரம்பையெல்லாம் தாண்டிட்டார். ஆனா உள்ளே போய்ப் பாருங்க. அப்போ பலவீனமா இருந்த வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா மட்டும் 130 நாட் அவுட், 37, 269 நாட் அவுட், 106 நாட் அவுட். 542 ரன், அவுட் ஆனது ஒரே தடவை. அவர்களை நீக்கிட்டா மற்ற அணிகளுக்கு எதிரா சராசரி 41.

41 மோசமில்லை, நல்ல சராசரிதான். ஆனா 62 இல்லை. சந்தையே ஏறும்போது எந்த ஃபண்டும் அழகா இருக்கும். ஸ்மால் கேப் எல்லாமே பறந்த வருஷத்தில் உங்க ஸ்மால் கேப் ஃபண்டு 60% ஏறியதில் மேனேஜர் திறமை எவ்வளவு, பிட்ச் எவ்வளவு? அதே வருஷம் அதோட இண்டெக்ஸ் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால்தான் தெரியும்.

மூணு இன்னிங்ஸில் முடிந்த கணக்கு

இது தலைகீழாவும் நடக்கும். நம்ம தமிழ்நாட்டு பத்ரிநாத்தை எடுத்துக்குங்க. முதல் தர கிரிக்கெட்டில் பத்தாயிரத்துக்கு மேல் ரன், சராசரி 54-க்கு மேல். 2010-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா டெஸ்ட் வாய்ப்பு வந்தது. நாக்பூரில் முதல் இன்னிங்ஸிலேயே 56. அப்புறம் 6, 1. மூணு இன்னிங்ஸ், 63 ரன், சராசரி 21. அத்தோட முடிஞ்சது.

அந்த 21-ஐ வைத்து 'இவருக்கு ஆட வராது'ன்னு சொன்னா நம்ம ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. ஆனா நாமே என்ன செய்றோம்? பத்து வருஷம் ஒழுங்கா ஓடிய ஃபண்டு ஒரு வருஷம் சொதப்பினதும் எஸ்ஐபியை நிறுத்திட்டு வெளியே வந்துடறோம். மூணு இன்னிங்ஸ் பார்த்து டீமை விட்டுத் தூக்கறோம்.

கிரிக்கெட்டும் பணமும் பிரியற இடம்

இதுவரைக்கும் சார் தலையாட்டிக்கிட்டே வந்தார். இந்த இடத்தில்தான் டீ கிளாஸைக் கீழே வச்சார். நீங்களும் கொஞ்சம் நிதானமா படிங்க.

1948 ஆகஸ்ட், ஓவல் மைதானம். பிராட்மேனின் கடைசி இன்னிங்ஸ். நாலு ரன் எடுத்தால் சராசரி சரியா 100. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் போல்டு. ரன் 0. சராசரி 101.39-லிருந்து 99.94-க்கு இறங்கியது. ஆனா கவனிங்க, அவர் ஏற்கெனவே எடுத்த 6,996 ரன்னில் ஒன்று கூடக் குறையலை. கிரிக்கெட்டில் டக் அவுட் ஆனால் பழைய ரன்னை யாரும் பிடுங்க முடியாது.

பணத்தில் பிடுங்கும்.

உண்மையான கணக்கையே பார்க்கலாம். 2007 கடைசியில் நிஃப்டி சுமார் 6,138. 2008 கடைசியில் சுமார் 2,959. அதாவது கிட்டத்தட்ட 52% இறக்கம். 2009 கடைசியில் சுமார் 5,201. அந்த ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட 76% ஏற்றம்.

இப்போ கிரிக்கெட் மாதிரி சராசரி போடுங்க. மைனஸ் 52, பிளஸ் 76. கூட்டினா 24. இரண்டால் வகுத்தா வருஷத்துக்கு 12%. கேட்க நல்லா இருக்கு இல்லையா?

ஆனா 10 லட்சம் போட்டவர் கையில் என்ன இருந்தது? (டிவிடெண்டை விட்டுடுங்க.) முதல் வருஷக் கடைசியில் சுமார் 4 லட்சத்து 82 ஆயிரம். இரண்டாவது வருஷக் கடைசியில் சுமார் 8 லட்சத்து 47 ஆயிரம். 'சராசரி 12% லாபம்' வாங்கியவருக்கு ஒன்றரை லட்சம் நஷ்டம்!

ரன்களைக் கூட்டுவாங்க. பணத்தைப் பெருக்கணும். 52% விழுந்தால் பழைய இடத்துக்கு வர 52% போதாது, 108% ஏறணும். அதனால் யாராவது உங்ககிட்ட 'சராசரியா இத்தனை பர்சென்ட்' என்றால், கூட்டி வகுத்ததா, கூட்டு வளர்ச்சியா (சிஏஜிஆர்) என்று கட்டாயம் கேளுங்க.

ஓய்வு பெற்றவருக்கு இது இன்னும் ஆபத்து. சம்பளம் வரும்போது விழுந்தால் காத்திருக்கலாம், மேலும் போடலாம். மாசாமாசம் செலவுக்கு எடுத்துக்கிட்டே இருக்கும்போது பாதியா விழுந்தால், எடுத்த யூனிட் திரும்ப ஏறுவதற்கு அங்கே இருக்காது.

அப்போ என்னதான் பார்க்கறது?

நான் பார்ப்பது நாலுதான்:

1. எத்தனை இன்னிங்ஸ்? ஏழு வருஷமாவது ஓடாத ஃபண்டை என் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.
2. மிகச் சிறந்த வருஷத்தை நீக்கினால் மிச்சம் என்ன?
3. அதே காலத்தில் அதோட இண்டெக்ஸ் என்ன கொடுத்தது?
4. ரோலிங் ரிட்டர்ன் எப்படி? அதாவது எந்த மாசம் நுழைந்திருந்தாலும் அடுத்த ஐந்து வருஷத்தில் என்ன கிடைத்திருக்கும்? அதில் மிக மோசமானது எவ்வளவு? அந்த எண்ணைப் பார்த்தும் தூக்கம் வருமா?

இன்னொன்றும் ஒப்புக்கணும். 'ஒரே வருஷத்தில் 60%' என்று தம்ப்நெயில் போட்டால் எங்க வீடியோவுக்கும் கூட்டம் வரும். ரோலிங் ரிட்டர்ன் பற்றிப் போட்டால் கால்வாசிப் பேர்தான் வருவாங்க. சார் அந்த 60%-ஐத் தேடிப் போனதில் எங்களை மாதிரி சேனல் நடத்தறவங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

சார் கடைசியில் என்ன முடிவு எடுத்தார்னு கேப்பீங்க. இன்னும் முழுசா எடுக்கலை. மூணு வருஷச் செலவுக்கான பணத்தைத் தொடறதில்லை என்று மட்டும் சொல்லிட்டார். போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு ஃபாரம் வாங்கியிருக்கார். மீதியில் கொஞ்சத்தை ஃபண்டில் போடலாமா என்று அந்த நாலு கேள்விக்கும் பதிலை நோட்டில் எழுதிட்டு வரேன்னு சொல்லியிருக்கார். கணக்கு வாத்தியார் இல்லையா, ஸ்டெப் எல்லாம் போட்டுத்தான் வருவார்.

கிளம்பும்போது மட்டும் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்த வெஸ்ட் இண்டீஸ்காரருக்கு நிஜமாவே இன்னொரு மேட்ச் குடுக்கலையா?"

இல்லை சார். குடுக்கவே இல்லை.

நீங்க இன்னைக்கு ஒரு வேலை செய்யுங்க. உங்ககிட்ட இருக்கும் ஃபண்டுகளில் அதிக ரிட்டர்ன் காட்டுவதைத் திறந்து, அதோட நல்ல வருஷத்தை நீக்கிட்டுப் பாருங்க. வந்த எண்ணைக் கமெண்டில் போடுங்க, அடுத்த வீடியோவில் சேர்ந்து பேசுவோம்.

(நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. இது புரிதலுக்காக எழுதியது. முதலீட்டு முடிவை உங்க நிலைமையைப் பார்த்து, தகுதியான ஆலோசகரிடம் கேட்டு எடுங்க.)