பேட்டரிக்கும் மினிமம் பேலன்ஸ் உண்டு

வங்கியில் இருந்த காலத்தில், எங்கள் கிளையின் யுபிஎஸ் பேட்டரி அறைக்குள் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. மூணு மாசத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வருவார். பில்லில் கையெழுத்துப் போடுவேன். அவர் என்ன வேலை செய்தார் என்பது, ஓய்வுபெற்று சேந்தமங்கலம் பக்கம் விவசாயத்துக்கு வந்தபிறகுதான் புரிந்தது.

காட்டுப்பன்றிக்குப் பயந்து நிலக்கடலைக்கு சோலார் வேலி போட்டேன். ஒன்றரை வருஷத்தில் வேலியில் ஷாக் நின்றுபோச்சு. ஒரே ராத்திரியில் கால் ஏக்கர் கடலை காலி. விற்றவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்து, "என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?" என்றார். போர் தண்ணி. தப்பு என்மேல்தான்.

நம்ம பக்கத்து போர் தண்ணியில் இருக்கும் உப்பு பேட்டரித் தகட்டைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும். ஆசிட் சேர்க்கக் கூடாது, குறைவது தண்ணிதான். சார்ஜ் ஏறியபிறகு குறி வரை ஊத்துங்க. திறக்கும்போது கையுறை வேணும், பக்கத்தில் பீடி கூடாது. ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும்.

அடுத்தது இருப்பு. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுசா சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்தபின் மீட்டரில் 12.6-க்கு மேல் காட்டணும். 12.2 என்றால் பாதிதான். அதற்கும் கீழே இறக்கி அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும். அப்புறம் அது வாராக்கடன்தான். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் திரும்பாது.

பேட்டரி ஸ்பிரேயரும் இப்படித்தான் கெடுது. பஞ்சகவ்யா அடித்துவிட்டு மூலையில் வைத்தால், அடுத்த பட்டத்துக்கு ஓடாது. அடித்த அன்றைக்கே சார்ஜ் போடுங்க. வேலையில்லாத நாளில் மாசம் ஒருமுறை போடுங்க. லித்தியம் பேட்டரி என்றால் பாதி சார்ஜில் வைக்கலாம்; ஆனால் அதற்குரிய சார்ஜர்தான் போடணும். எதுவானாலும் நிழலில் இருக்கட்டும். நம்ம ஊர் வெயில் பேட்டரியின் ஆயுசைக் குறைக்கும்.

"இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளி இடுபொருள் வேண்டாம் என்று சொல்லும் நாம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி வாங்கினால் அதுவும் வெளி இடுபொருள்தானே?

அதைவிடப் பெரிய விஷயம், செத்த பேட்டரி. வாய்க்கால் ஓரம் உடைத்து ஆசிட்டைக் கொட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது ஈயம். எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்காது, மண்ணிலேயே கிடக்கும். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழசைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. அதைத் தனியாக எடுத்து உரிய இடத்தில் ஒப்படைப்பது நம் பொறுப்பு. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளுங்க.

யூரியா போடாத நிலத்தில் ஈயத்தைக் கொட்டிவிட்டு இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொள்ள முடியாதுங்க. இந்த வாரமே உங்க பேட்டரி மூடியை ஒருதரம் திறந்து பாருங்க.