குதிரை பார்க்கப் போனோம்

ஆகஸ்ட் விடுமுறையில் நெடுந்தீவுக்குப் போறம் எண்டு சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "குதிரை பார்க்கவோ?" உண்மையில் நாங்கள் போனது அப்பாவின் கம்பஸ் கூட்டாளி வீட்டுக்கு. ஆனாலும் ஓம் எண்டுதான் சொன்னோம். எங்கட மனதிலும் குதிரைதான் ஓடிக்கொண்டிருந்தது.

வவுனியாவில் விடியப்புறம் வானில் ஏறி, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணத்தில் சோத்துப் பார்சலும் ஒரு பெட்டி தண்ணிப் போத்தலும் வாங்கினோம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எண்டு போய் குறிகட்டுவான் இறங்குதுறையில் வானை விட்டோம். பிறகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகு. சோழகக் காத்து போட்ட ஆட்டத்தில் தம்பி வாயே திறக்கவில்லை.

மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். சாந்தில்லாமல் முருகைக்கல் அடுக்கிய வேலிகள், பெருக்கு மரம், இடிந்த கோட்டை, குதிரை லாயத்தின் கல்தூண்கள். கடைசியில் மேற்குப் பக்கத்து வெளியில் அவை நின்றன. சின்ன உருவம், துருத்திய விலா எலும்பு. நாங்கள் போனைத் தூக்கினோம். ஹயர் வாகனமொன்றில் வந்த சிலர், ஓடுகிற மாதிரி வீடியோ வேணும் எண்டு கோர்ன் அடித்துக் கலைத்தார்கள்.

அந்த வீடியோக்களுக்குக் கீழே "காட்டுக் குதிரைகள், சுதந்திரம்" எண்டு போடுகிறோம். அது சரியில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்த இடம் இது. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பொறுப்பாக இருந்தார். பிறகு தேவை முடிந்தது, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எங்கட ஊரில் உரிமையாளர் இல்லாமல் திரியும் மாட்டைக் கட்டாக்காலி எண்டுதானே சொல்கிறோம்? இவையும் கட்டாக்காலிகள்தான். வேலை வாங்கிவிட்டுக் கைவிட்டதற்குச் சுதந்திரம் எண்டு பேர் வைக்கிறது சரியோ?

வீட்டுக்குத் திரும்பினதும் தம்பி கிணத்தடியில் வாளி வாளியாக அள்ளி, கால் மண் போகக் குளித்தான். மாமி ஒண்டும் சொல்லவில்லை. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கதை வந்தது. அந்தக் கிணத்துத் தண்ணி உவர். குடிக்கிற தண்ணி பவுசரில் வரும்வரை பாத்திருக்க வேண்டும். வேலிக்கு வெளியே ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. கோடையில் குதிரை வந்து வாய் வைக்குமெண்டு மாமி அதிலும் கொஞ்சம் ஊற்றி வைப்பாவாம்.

"வாறாக்கள் எல்லாம் குதிரை எங்கை எண்டு கேட்பினம். தண்ணிக்கு என்ன செய்யிறியள் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல" எண்டா. குறையாகச் சொல்லவில்லை, சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. எங்களுக்குத்தான் முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியவில்லை.

2015 இல் இங்கே தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் அறிவிப்பு தண்ணி தராது. கடும் வறட்சி வந்தால் குதிரைகள் செத்து விழுகின்றன. அந்தப் படங்களையும் நாங்கள்தான் பகிர்ந்து கவலைப்படுகிறோம். குதிரையின் தாகமும் ஆக்களின் தாகமும் அந்தத் தீவில் ஒரே பிரச்சினை. ஒண்டை மட்டும் படம் எடுத்து மற்றதை விட்டுவிட்டு வர ஏலாது.

போகவேண்டாம் எண்டு சொல்லவில்லை. சுற்றுலாவால் நாலு பேருக்கு உழைப்பு வருகுது எண்டு மாமாவே சொன்னார். ஆனால் காலைப் படகில் வந்து, கொண்டுவந்த பார்சலைத் திண்டு, வெறும் போத்தலை எறிந்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பினால் தீவுக்கு மிஞ்சுவது குப்பைதான். அங்கேயே சாப்பிடுங்கோ. முடிஞ்சால் ஒரு இரவு தங்குங்கோ. போத்தலைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. வாகனத்தால் குதிரையைக் கலைக்காதேங்கோ. தண்ணியைப் பற்றிக் கேளுங்கோ, கேட்டதை எழுதுங்கோ.

அடுத்த நாள் விடிய எழும்பினபோது வேலிக்கு வெளியே ஒரு குதிரையும் குட்டியும் நின்றன. தொட்டி காய்ந்திருந்தது. எங்கட பெட்டியில் மிச்சமிருந்த போத்தல்களைத் தம்பி ஒவ்வொண்டாக உடைத்து ஊற்றினான். அண்டைக்கு நாங்கள் படம் எடுக்கவில்லை.