செவ்வாய்க்கிழமை ஓ.பி.

ஆபீஸ் பாஷையில் 'ஓ.பி. அடிக்கிறது' என்றால் என்னவென்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேஜை மேல் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு, ஃபேனைச் சுற்றவிட்டு, டீக்கடையில் முக்கால் மணி நேரம் அரசியல் பேசுகிற அந்த அரிய கலை!

முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியில் ஓர் அண்ணாச்சி. அக்கவுண்ட்ஸ் செக்ஷன், திருநெல்வேலிக்காரர். டிரையல் பாலன்ஸில் மூணு ரூபாய் நாற்பது பைசா இடித்தால்கூடச் சாப்பிடப் போகமாட்டார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் காலையில் காணாமல் போக ஆரம்பித்தார். "அண்ணாச்சியே ஓ.பி. அடிக்க ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று செக்ஷனே சிரித்தது. நானும்தான்.

அவர் போனது நிஜமாகவே ஓ.பி.க்கு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மனநல டாக்டரிடம். குடியை விட.

ஒரு நாள் சாயந்திரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். "தம்பி, ஹெச்.ஆர்.ல குடுத்தா ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்சுரும். நீயே அந்த இன்ஷூரன்ஸ்காரனுக்குப் போன் போட்டுக் கேளேன்."

கவருக்குள் டாக்டர் ஃபீஸ், மாத்திரை எல்லாம் சேர்த்து இரண்டு மாத பில். 4,200 ரூபாய்.

அண்ணாச்சி சும்மா இருந்தவர் இல்லை. கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டார். மாலையைக் கழற்றினால் பழைய குருடி, கதவைத் திறடி. ஒரு தடவை தானாகவே நிறுத்திப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள் கை நடுக்கம். மூன்றாம் நாள் தூக்கமே இல்லை. நாலாம் நாள் பயந்துபோய் மறுபடியும் கடை. டாக்டர் சொல்லித்தான் அவருக்கே விஷயம் புரிந்தது. தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களை அட்மிட் பண்ணத்தான் வேண்டும். அண்ணாச்சி கேஸ் அப்படியில்லை. வீட்டிலிருந்தே மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓ.பி., கவுன்சலிங், வேலைக்கும் போகலாம்.

போன் போட்டேன். அந்தப் பக்கம் தேன் மாதிரி குரல்.

"பேஷன்ட் அட்மிட் ஆனாரா ஸார்?"

"இல்லீங்க, ஓ.பி.தான்."

"24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்கணும் ஸார். உங்க பாலிஸியில ஓ.பி. கிடையாது."

"சரி, அட்மிட் ஆனா தருவீங்களா?"

"என்ன ப்ராப்ளம் ஸார்?"

"குடிப்பழக்கம்."

"ஓ... அப்படின்னா அட்மிட் ஆனாலும் கிடையாது ஸார். வேற ஏதாவது உதவி?"

வேற என்ன உதவி கேட்பது? வைத்துவிட்டேன்.

பி.காம். படித்த பாவத்துக்குப் பாலிஸியின் பொடி எழுத்தையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் அமலானது. உடம்பு நோய்க்கு என்ன அடிப்படையில் காப்பீடு உண்டோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அதன் 21-வது பிரிவு. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலக் கோளாறுகளும் அதில் சேர்த்தி என்று சட்டமே விளக்கமும் சொல்கிறது. சபாஷ்! ஆனால் 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விலக்குகளுக்கு எண் போட்டுப் பொது வாசகம் தந்தபோது, 12-ம் எண்ணில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமோ? குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும், அதன் விளைவுகளும்! பெரும்பாலான பாலிஸிகளில் இந்த 12-ம் எண் உண்டு. ஒரு கை டெபிட் போட, இன்னொரு கை அழித்த மாதிரி.

அந்த 'விளைவுகளும்' என்ற ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். அண்ணாச்சி இன்றைக்கு ஓ.பி. போனால் பணம் இல்லை. போகாமல் குடித்துக் கல்லீரல் கெட்டு ஐ.சி.யூ.வில் படுத்தால் லட்சக்கணக்கில் பில் வரும். அப்போதும் அதே தேன் குரல்தான். (கம்பெனி மொத்தமாக எடுக்கும் குரூப் பாலிஸியில், கூடுதல் பிரீமியம் கட்டி ஓ.பி.யைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ரின்யூவலுக்கு முன்னால் யாராவது வாயைத் திறக்க வேண்டும். இந்த விஷயத்தில் யார் திறப்பார்கள்?)

2019-ல் வெளியான மத்திய அரசு சர்வே ஒன்று, எய்ம்ஸ் டாக்டர்கள் நடத்தியது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. நம்ம அண்ணாச்சி அந்த 38-ல் ஒருவர். மீதி 37 பேர் எங்கே? நம்ம ஆபீஸிலும்தான் இருக்கிறார்கள்.

கைக்காசு தீர்ந்ததும் அண்ணாச்சி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு மாறினார். மாத்திரை இலவசம். குறை சொல்ல மாட்டேன். டாக்டர் பொறுமையாகவே பேசினாராம். (வெட்கப்பட்டுக்கொண்டு யாரையும் கேட்காமல் இருப்பவர்களுக்கு 14446 என்று ஓர் இலவச எண் இருக்கிறது. பேர் சொல்ல வேண்டாம்.) ஒரே சிக்கல், நேரம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 வரை காத்திருக்கிறது. ஆபீஸ் முடிந்து நிதானமாகப் போகலாம். ஓ.பி. சீட்டோ காலையில்தான். ஆக, ஒவ்வொரு தடவையும் ஒரு சி.எல். காலி. சி.எல். தீர்ந்தால் சம்பளத்தில் பிடித்தம்.

லீவ் ஃபாரத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்றே எழுதிக்கொண்டிருந்தார். பொறுக்காமல் ஒரு நாள் கேட்டேன்: "ஆஸ்பத்திரின்னு எழுதலாமே அண்ணாச்சி? எல்லாரும் ஓ.பி. அடிக்கிறதா கிண்டல் பண்றாங்க."

பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"எந்த ஆஸ்பத்திரி, என்ன சீக்குன்னு கேப்பாங்கல்லா? ஓ.பி. அடிக்கேன்னே நெனச்சுட்டுப் போகட்டும் தம்பி. அதுலயாவது கொஞ்சம் மரியாதை இருக்கு."