சாவி கொடுக்கும் தகப்பன்மார்

நம் குருசுக்குப்பத்திலும் அடுத்துள்ள வைத்திக்குப்பத்திலும் சில தகப்பன்மார்களுக்கு ஒரு புதுவிதமான பெருமை உண்டாகியிருக்கிறது. அதாவது, “என் மகனுக்குப் பன்னிரண்டு வயதுதான், மோட்டார் சைக்கிளை என்னமாய் ஓட்டுகிறான் பாருங்கள்” என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிக்கொள்வதேயாகும். பையனுக்குத் தரையில் கால் எட்டாது. நிறுத்தினால் வண்டி சாய்ந்துவிடும். ஆகையால் அவன் நிறுத்துவதே இல்லை. அதையும் தகப்பனார் மகனுடைய சாமர்த்தியமாகவே கணக்கில் எழுதிக்கொள்ளுகிறார். இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், தன் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடலாமா என்று தானும் சாவியை எடுத்துக் கொடுக்கிறார்.

பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் ஒன்றையும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது நம் அபிப்பிராயமல்ல. எவ்வளவு சீக்கிரம் கற்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லதென்றே சொல்லுவோம். ஆனால் கற்றுக்கொடுப்பது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

இதற்குச் சில தோழர்கள் சொல்லும் சமாதானம் என்னவென்றால், “நாங்கள் எட்டு வயதில் கடலுக்குப் போனவர்கள்; கடலைவிடவா ரோடு பெரிது?” என்பதாகும். (பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய பிள்ளையைக் கடலுக்கு அனுப்பியது சரியா என்பது தனிச் சங்கதி, அதை இப்போது விட்டுவிடுவோம்.) சரி, கடலையே எடுத்துக்கொள்ளுவோம். எந்தத் தகப்பனாவது பிள்ளையைத் தனியாகக் கட்டுமரத்தில் ஏற்றி, “போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா” என்று அலைக்குள் தள்ளிவிட்டதுண்டா? முதலில் கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுக்கப் பழக வேண்டும். பிறகு அப்பனோடும் சித்தப்பனோடும் மரத்தின் நடுவில் குந்திக்கொண்டு போக வேண்டும். வாடைக் காற்று எப்போது, கச்சான் எப்போது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த அலையை விட்டு எந்த அலையில் மரத்தைத் தள்ளுவது என்று வருஷக்கணக்காகக் கண்ணால் பார்த்துத் தெரிந்த பிறகுதான் கைக்குத் துடுப்பு வரும். அப்போதும், காற்று மாறினால் “இன்றைக்குப் போகாதே” என்று தடுக்கப் பெரியவர் ஒருவர் கரையில் இருப்பார். கடலுக்கு இவ்வளவு புத்தியோடு நடந்துகொண்ட நாம், ரோட்டுக்கு வரும்போது மட்டும் அந்தப் புத்தியை வலையோடு சுருட்டிக் கரையிலேயே வைத்துவிடுகிறோமே, அது ஏன்?

இன்னும் சிலர், பாரிசிலிருந்து லீவில் வந்த மாமன் சொன்னதாக, “பிரான்சிலே 15 வயதிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்” என்கிறார்கள். அது மெய்தான். ஆனால் மாமன் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டார். அங்கே பிள்ளை முதலில் சாலை விதிகளில் பரீட்சை தேற வேண்டும். பிறகு பயிற்சிப் பள்ளி ஆசிரியரை வைத்துக்கொண்டு, கியர் வண்டியானால் குறைந்தது 20 மணி நேரம் பழக வேண்டும். அதன் பிறகும், 5 வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, ஒரு வருஷத்துக்குக் குறையாமல் 3,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தனியாக ஓட்டும் வயது 18 ஆக இருந்தது. 2024 ஜனவரியிலிருந்துதான் 17 ஆக்கினார்கள். நியூசிலாந்து தேசத்திலும் 1987 முதல் இப்படிப் படிப்படியாகவே லைசென்ஸ் கொடுத்து வருகிறார்கள். அதாவது, அந்தத் தேசத்தார் நம் கட்டுமரக்காரன் செய்ததையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாமோ கட்டுமரத்தையும் மறந்தோம், சட்டத்தையும் பார்ப்பதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடுகிறது. எதிரே ஒரு குழந்தை ஓடி வந்தால், கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் தீர்ந்துபோகும். வேகம் இரண்டு பங்கானால் மோதுகிற சக்தி இரண்டு பங்கல்ல, நாலு பங்கு. அன்றியும், வண்டியைத் திருப்புகிற திறமை பத்து வயதில் வந்துவிடும். ஆபத்தை முன்கூட்டியே நிதானிக்கிற மூளைப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மூளை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். சிநேகிதர்கள் கூட ஏறிவிட்டால் இளவயதுக்காரன் இன்னும் துணிந்து ஓட்டுவான் என்பதையும் கண்டிருக்கிறார்கள். பட்டேல் சாலையில் சாயங்காலம் ஒரே வண்டியில் மூன்று பையன்கள் போவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சிகூட வேண்டியதில்லை.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர் பொதுச் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது. 16 வயதானவருக்கு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியைக் கடைகளில் இன்று தேடினாலும் கிடைப்பது அரிது. திறந்து வைத்திருக்கிற கதவு, போக வழியில்லை! இந்தக் குறையைச் சர்க்கார் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் 2019-ல் சேர்த்த திருத்தத்தைத் தகப்பன்மார்கள் நன்றாகத் தெரிந்துகொள்ளட்டும். சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், தனக்குத் தெரியாதென்றோ தான் தடுத்துப் பார்த்ததாகவோ ருசுப்படுத்தினாலொழிய, பெற்றவரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளி. அவருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியோ, அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டவிட்ட சொந்தக்காரரிடமிருந்தே திரும்ப வசூலிக்கலாம். படகை விற்றுக் கட்டுவாரா, வீட்டை விற்றுக் கட்டுவாரா?

பணக்காரன் தப்பித்துக்கொள்ளுவான் என்று சொல்லலாம். 2024 மே மாதத்தில் பூனாவில் 17 வயதுப் பையன் ஓட்டிய உயர்ந்த ரகக் கார் மோதி இரண்டு இளம் என்ஜினீயர்கள் மாண்டார்கள். சிறுவர் நீதிக் குழுவோ, விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் வியாசம் எழுதும்படி சொல்லி ஜாமீன் கொடுத்தது. ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் தகப்பனும் கைதானார். ஏழை மீனவனுக்கு வியாசம் எழுதுகிற சலுகை கிடைக்குமென்று யாரும் நம்ப வேண்டாம்.

இனி, முக்கியமான சங்கதிக்கு வருவோம். புது வண்டி வாங்கினால் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அதே சாயங்காலம் சாவியைப் பையனிடம் கொடுக்கிறோம். வண்டி எங்கேயாவது மோதிவிட்டாலோ, “விதி” என்கிறோம். 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ரோட்டு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கு சொல்லுகிறது. இத்தனை பேரும் ஒரே வருஷத்தில் ரோட்டிலேயே சாக வேண்டுமென்று பிரமன் உட்கார்ந்து எழுதினானா? படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறை வந்த தேசங்களில் இளவயதுக்காரர் விபத்துக் குறைந்திருக்கிறதே, அங்கெல்லாம் தலையெழுத்தைத் திருத்தியது யார்? மோட்டார் ஆபீஸ் குமாஸ்தாவா? தகப்பன் செய்த காரியத்துக்கு ஆண்டவன்மேல் பழி போடுவதற்கே விதி என்கிற வார்த்தை உபயோகப்படுகிறது. தலைக்கவசக் கட்டாயத்தையும் ஒரு காரணமாகச் சொல்லி 2019-ல் முதலமைச்சரே கவர்னர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்த ஊர் நம் ஊர். ஆகவே தலைவர்கள் வந்து நம் பிள்ளைகளுடைய மண்டையைக் காப்பாற்றுவார்களென்று காத்திருப்பதில் பிரயோசனமில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வயது ஆண்பிள்ளைக்குச் சாவி கொடுக்கிற அதே வீட்டில், பத்தொன்பது வயதுப் பெண், லைசென்ஸ் எடுக்க வேண்டுமென்று கேட்டால், “பொம்பளைக்கு எதுக்கு வண்டி?” என்று அதட்டுகிறார்கள். சட்டப்படி ஓட்டலாம் என்பவளுக்கு இல்லை, கூடாதென்பவனுக்கு உண்டு! கற்றுக்கொடுக்கிற எண்ணமிருந்தால் இது நடக்குமா? ஆண்பிள்ளை என்கிற கர்வத்தைத்தான் பெட்ரோல் போட்டு வளர்க்கிறோம்.

ஆகவே, தோழர்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது இது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கி, ஆண், பெண் இரு பிள்ளைகளையும் கூட்டி, சைக்கிளை வைத்துக்கொண்டு சாலை விதிகளைப் பழக்குங்கள்: எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது, திரும்புமுன் எப்படிக் கை காட்டுவது, நடந்து வருகிறவருக்கு எப்படி வழி விடுவது. மோட்டார் வண்டி 18 வயதுக்குப் பிறகு, பயிற்சிக்காரர் பக்கத்தில் இருக்க. அந்த மைதானத்துக்குப் பிள்ளையை அழைத்து வருகிற தகப்பனாரும் தம்முடைய லைசென்சையும் தலைக்கவசத்தையும் மறக்காமல் எடுத்து வரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.